சுத்துது

மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கண்ணாடிக் கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கும். அதன் அடியில் குனிந்து வெளியே வருகிற கடைசி ஆள் டிகிரி அக்காதான். படித்தது பத்தாவது. ஆனால் முதலாளியில் தொடங்கி கடை பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவள் டிகிரி அக்கா. லென்ஸை ஃபிரேமில் ஏற்றுவதற்கு முன்னால் அதன் அச்சு எத்தனை டிகிரியில் நிற்க வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருப்பார். மற்றவர்கள் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி முன்னே பின்னே விட்டுவிடுவார்கள். இவள் விடமாட்டாள். பவர் பார்க்கும் கருவியில் கண்ணை வைத்து, பச்சைக் கோடு நேரே வரும்வரை லென்ஸை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, அந்த இடத்தை லென்ஸில் மூன்று மைப்புள்ளியால் குறித்த பிறகுதான் மூச்சு விடுவாள்.

"ஏம்மா, நூத்தி எழுபத்தொம்பதுக்கும் நூத்தி எண்பதுக்கும் மனுஷக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியுமா?" என்பார் முதலாளி.

"உங்களுக்குத் தெரியாது சார். எனக்குத் தெரியுது, நான் என்ன பண்ண?"

கடையிலிருந்து வீட்டுக்கு ஏழு நிமிட நடை. முன்பெல்லாம் அதை ஐந்து நிமிடத்தில் நடப்பாள். இந்த ஆறு மாதமாக அரை மணிக்கு மேல் ஆகிறது. மருந்துக்கடை வாசலில் நின்று எதையாவது படிப்பாள். செருப்பு வாரைச் சரிசெய்வாள். இரண்டு மணி தாண்டிவிட்டால் போதும் என்றுதான் இத்தனை பாடு. ஆனால் அதனால் ஒரு பயனும் இல்லை. அந்தக் குரல் கடிகாரம் பார்த்து வருவதில்லை. அவள் மூன்று மாடி ஏறி, பூட்டைத் திறந்து, சமையலறைக் குழாயைத் திருகுகிற வரை பொறுமையாக இருக்கும். தண்ணீர் பாத்திரத்தில் விழத் தொடங்கியதும் முன்னறையிலிருந்து கூப்பிடும்.

"சுத்துது."

அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். பார்த்தால் நாற்காலி காலியாக இருக்கும் என்று தெரியும்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற உயரமான கட்டடங்களில் பாதிக்கு மேல் அவர் கை பட்ட லிஃப்ட்தான் ஓடியது. குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். யாராவது கிண்டலடித்தால், "வேலையை வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாதுன்னு வீட்ல உத்தரவு" என்று அவளைக் கைகாட்டுவார். முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அவள் போட்ட உத்தரவு எதுவும் அந்த வீட்டில் நடந்ததில்லை என்பது வேறு கதை.

முழங்கால் இரண்டும் தேய்ந்து வேலையை விட்டபோது மகள்தான் பெரிய டிவியையும் இன்டர்நெட் இணைப்பையும் ஏற்பாடு செய்தாள். மகள் வேறு ஊரில் பிசியோதெரபிஸ்ட். பஸ்ஸில் ஐந்து மணி நேரம். "அப்பாவைச் சும்மா உட்கார வச்சா உன்னைப் படுத்தி எடுப்பார். சீரியல் பாக்கட்டும்" என்றாள். தொடர் பார்க்கும் கணக்கில் இருவருக்கும் தனித்தனிப் பக்கம் வைத்துக் கொடுத்தாள். அவருக்குக் கரடி முகம், அவளுக்குப் பூனை முகம்.

ஒயர் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வர முடிந்தது. அதனால் மோடம் ஃபிரிட்ஜ் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. டிவி முன்னறையில். நடுவில் ஒரு சுவர். மத்தியானமானால் கட்டடம் முழுக்க ஆட்கள் பார்க்கிறார்களோ என்னவோ, படம் நின்று, திரை நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கிவிடும். முழங்கால் வலிக்காரர் எழுந்திருக்க மாட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார்:

"சுத்துது!"

"இருங்க."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மோடத்தின் பிளக்கைப் பிடுங்குவாள். முப்பது வரை எண்ணுவாள். திரும்பச் செருகுவாள். நாலு பச்சை விளக்கும் எரிந்ததும், "வந்துச்சா?" என்பாள். "வந்துருச்சு" என்பார். இதற்கு மூன்று நிமிடம் ஆகும். இரண்டு வருடத்தில் இது மூச்சு விடுவது போலப் பழகிவிட்டது. கீழ் வீட்டுக்காரி ஒருநாள் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டாள்: "ஏங்க, தினம் சுத்துது சுத்துதுன்னு சத்தம் கேக்குதே, வீட்டுக்குள்ள ராட்டினம் ஏதும் போட்டிருக்கீங்களா?"

அவள் பாத்திரம் கழுவி முடித்து வருவதற்குள் பாதி ஓடியிருக்கும். எந்தத் தொடராக இருந்தாலும் முதல் பாதியை அவள் காதால் பார்த்தாள், மறுபாதியைக் கண்ணால் பார்த்தாள். குரல்கள் முதலில் அறிமுகமாகும், முகங்கள் பிறகு வரும். அவரோ கதையைப் பார்ப்பதே இல்லை. திரையில் எங்காவது லிஃப்ட் வந்துவிட்டால் போதும்.

"அந்தக் கதவு மூடறதைப் பாரு. அப்படி மூடினா நசுங்கிச் சாவான்."

"கொலை நடந்திருக்கு. அதைப் பாக்காம லிஃப்டைப் பாக்கறீங்க."

"கொலைகாரன் எங்க போயிடப் போறான்? பத்தாவது பகுதியில வந்து மாட்டுவான். லிஃப்ட்தான் இப்ப விழப்போகுது."

கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்தது ஏதோ ஒரு வெளிநாட்டுத் தொடர். தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். ஒரு துறைமுக ஊர், காணாமல் போன ஒரு படகு, அதைத் தேடுகிற ஒரு பெண் போலீஸ். மொத்தம் பத்துப் பகுதி. அன்று ஏழாவது.

புதன்கிழமை. காலையில் கடையில் லென்ஸ் அரைக்கும் மிஷின் மக்கர் செய்து, நாலு ஆர்டர் தேங்கி நின்றது. அவள் கடுகடுவென்று வீட்டுக்கு வந்தாள். அவர் முன்னறையில் தொடரைப் போட்டார். அவள் பாத்திரத்தில் கை வைத்தாள்.

"சுத்துது."

"சுத்தட்டும். கையெல்லாம் சோப்பு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். இந்த முறை குரல் தணிந்து, சற்று இழுத்து வந்தது. "ஏய்… சுத்துது."

கொஞ்சுகிறார் என்று நினைத்தாள். கோபக்காரி கோபத்தில் இருக்கும்போது அவர் அப்படித்தான் குரலை இறக்குவார்.

"நான் என்ன உங்களுக்கு லைன்மேனா? மூணு மாடி ஏறி வந்தவளை ஒரு நிமிஷம் நிம்மதியா நிக்க விடறீங்களா?"

கையைத் துடைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். முப்பது எண்ணினாள். செருகினாள். நாலு விளக்கும் எரிந்தது.

"வந்துச்சா?"

பதில் வரவில்லை. ஆனால் முன்னறையில் தொடரின் சத்தம் மறுபடி கிளம்பியது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். பாத்திரத்தை முடித்தாள். அடுப்பைத் துடைத்தாள். பையில் கொண்டு வந்திருந்த, தேங்கிய ஆர்டர் சீட்டுகளை ஒருமுறை பார்த்து வரிசைப்படுத்தினாள். டீ போட்டாள். இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

அவர் தலை சுவர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ரிமோட் தரையில் கிடந்தது. ஒரு கண் மட்டும் அவளைப் பார்த்தது.

அவள் முதலில் செய்த காரியம், குனிந்து ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தியது. ஏன் அதைச் செய்தாள் என்று இன்றுவரை அவளுக்கு விளங்கவில்லை. சத்தத்தில் ஒன்றும் புரியவில்லை, நிறுத்தினால் புரியும் என்று தோன்றியிருக்கலாம். நிறுத்தியபோது திரையின் கீழே ஓர் எண் நின்றது: முப்பத்தெட்டு நிமிடம், இரண்டு வினாடி.

அக்கம்பக்கத்தார் நாலு பேர் அவரை அந்த நாற்காலியோடு தூக்கி மூன்று மாடி இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். "இப்பதான் சார், டீ கொண்டு போனேன்" என்றாள். மறுநாள் காலை வந்து சேர்ந்த மகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"தலை சுத்துது, கை மரத்துப்போச்சு, ஏதாவது சொல்லியிருப்பாரேம்மா. என்கிட்ட வர்ற பேஷன்ட்ஸ் பாதிப்பேர் முன்னாடியே சொல்லியிருக்காங்க. வீட்லதான் யாருக்கும் புரிஞ்சிருக்காது. நல்லா யோசிச்சுச் சொல்லு."

மகள் அந்தச் சொல்லை அப்படியே எடுத்து முன்னால் வைத்தாள். அதுவரை அவள் மனதில் சுற்றியது திரையில் இருந்த வட்டம்தான். சுற்றியது அவர் தலை என்று அந்த நிமிடம்தான் புரிந்தது.

"ஒண்ணும் சொல்லலடி" என்றாள்.

மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

*

அதற்குப் பிறகு அவள் டிவியில் எதையும் பார்க்கவில்லை. ஆனால் தினமும் ஒருமுறை போடுவாள். கரடி முகத்தைத் திறந்தால் அந்தப் போலீஸ்காரியின் படம் வரும். ஏழாவது பகுதி என்று எழுதியிருக்கும். அதன் கீழே ஒரு சிவப்புக் கோடு. பார்த்த வரைக்கும் சிவப்பு, மிச்சம் சாம்பல். அவர் விட்டுப்போன இடம் இது என்று உலகத்துக்கே அந்தக் கோடு சொல்லிக்கொண்டிருந்தது. இல்லை என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவர் பார்த்தது கொஞ்சம்தான். மிச்சச் சிவப்பு முழுவதும் அவர் சாய்ந்து கிடக்க, அவள் அடுப்புத் துடைத்த நேரம். கோட்டைப் பார்ப்பாள், அணைப்பாள், கடைக்குப் போவாள்.

ஆறாம் மாதம், ஒரு திங்கட்கிழமை, கோடு இடம் மாறியிருந்தது.

ஏழாவது பகுதி முழுச் சிவப்பாகி, எட்டாவது பாதி வரை ஓடியிருந்தது. ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கை தவறி எதையாவது அமுக்கிவிட்டோமா என்று யோசித்தாள். அமுக்கவில்லை. மறுநாள் எட்டாவது முடிந்து ஒன்பதாவது தொடங்கியிருந்தது. ரிமோட்டை எடுத்துப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்குப் போனாள். புதன்கிழமை வந்து பீரோவைத் திறந்து, டிவியைப் போட்டுப் பார்த்தாள். கோடு இன்னும் ஒரு விரல் நீண்டிருந்தது.

காலி நாற்காலியைப் பார்த்து, "நீங்களா?" என்று கேட்டாள். ஃபிரிட்ஜின் மோட்டார் உறுமி நின்றது. முப்பத்தோரு வருடத்தில் அவர் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னதில்லை என்ற எண்ணம் வந்து, அதற்குச் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றாள்.

இன்டர்நெட் கனெக்ஷன்காரருக்குப் போன் செய்தாள். மறுநாள் மத்தியானம் ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு மூச்சிரைக்க மேலே வந்தார். நாற்பத்தைந்து வயது, வெற்றிலைக்காவி ஏறிய பல், வாய் ஓயாத மனிதர். கோட்டைக் காட்டிச் சொன்னாள். பேய் என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. அவர் சொன்னார்.

"அம்மா, பேயா இருந்தா முதல் பகுதியில இருந்தே பாக்கும். அதுக்கென்ன, நேரம் நிறையக் கிடக்கு. இது யாரோ பாஸ்வேர்டு தெரிஞ்ச ஆள். வேற எங்கயோ உக்காந்து சார் பேர்ல பாக்கறாங்க. இங்க கோடு நீளுது. அவ்வளவுதான்."

"எங்க உக்காந்து?"

"அது எனக்கெப்படித் தெரியும்? உங்க வீட்டுல வேற யாருகிட்ட பாஸ்வேர்டு இருக்கோ, அவங்களைக் கேளுங்க." மோடத்தின் விளக்குகளைப் பார்த்துத் தலையாட்டினார். "லைன் கண்ணாடி மாதிரி இருக்கு. இப்பல்லாம் சுத்தாதே?"

"நான் பாக்கறதில்ல. அப்பல்லாம் தினம் சுத்தும்."

"அது பழைய ஒயர்ல. அதைத்தான் மாத்திட்டேனே. இந்த ஃபிரிட்ஜ் பக்கத்துல நின்னுதான் மாத்தினேன். சார் லிஃப்ட்ல நாலு மணி நேரம் மாட்டிக்கிட்ட கதையெல்லாம் சொன்னாரு."

"எப்போ மாத்தினீங்க?"

அவர் போனை நோண்டினார். "இதோ. எட்டாம் தேதி. அதுக்கப்புறம் உங்ககிட்ட இருந்து ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல, பாருங்க."

அவர் சாய்ந்த அந்தப் புதன்கிழமை அதே மாதம் இருபத்திரண்டாம் தேதி.

அவர் ஏணியோடு இறங்கிப் போன பிறகும் அவள் ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டிலிருந்து இருபத்திரண்டு. இரண்டு வாரம் அவர் ஒரு தரம்கூடக் குரல் கொடுக்கவில்லை. தினம் கேட்ட சத்தம் நின்றுபோனது அவள் காதில் விழவே இல்லை. இரண்டு வாரம் கழித்துத் திடீரென்று கேட்டபோது, நேற்றும் கேட்டது போலவே கை பிளக்குக்குப் போயிருக்கிறது.

சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்ததும் பின்னறைக்குப் போய், போனில் பூனை முகத்தைத் திறந்து, காதில் ஒயரை மாட்டி, ஏழாவது பகுதியைப் போட்டாள். பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பதின்மூன்றாவது நிமிடம் ஒரு கார் கதவு சாத்துகிற சத்தம். அதற்குக் கொஞ்சம் முன்பு அவர் முதல் தரம் கூப்பிட்டார், அவளுக்கு நினைவிருந்தது. பிறகு ஓர் ஆண் குரல் கேட்டது: "எதைத் தேடுறீங்க?" அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்ட குரல். அதாவது, அவர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகும் தொடர் பேசிக்கொண்டுதான் இருந்தது. வட்டம் சுற்றினால் சத்தம் வராது. இரண்டு வருடம் காதால் தொடர் பார்த்தவளுக்கு அது தெரியாதா? காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள்தான் காதைக் கேட்கவில்லை.

அன்று பிளக்கைப் பிடுங்கியதும் சத்தம் அறுந்த இடம் பதினாலு நிமிடம் பத்து வினாடி. முப்பத்தெட்டு இரண்டிலிருந்து அதைக் கழித்தாள். மோடத்துக்கு மூன்று நிமிடம் கூட்டினாள். அதற்குப் பிறகு அவர் கவனிப்பாரில்லாமல் கிடந்தது ஏறத்தாழ இருபத்தேழு நிமிடம். எட்டு வினாடி குறையும். அந்த எட்டையும் அவளால் விட முடியவில்லை.

*

அன்றைக்கே மகளைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, அப்பா பேர்ல சீரியல் பாக்கறது நீயா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "கோவிச்சுக்காதம்மா. சொல்லணும்னுதான் இருந்தேன்."

"கோவம் இல்ல. நான் பயந்துட்டேன். அவ்வளவுதான்."

"நீ பயந்தியா? ஐயோ, அம்மா…" மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "எனக்கு அவர் விட்ட இடத்துல இருந்து பாக்கணும்னு இருந்துச்சு. ஆறு மாசமா தைரியம் வரல. போன ஞாயித்துக்கிழமை போட்டேன். முப்பத்தெட்டாவது நிமிஷத்துல நின்னுச்சு. என்ன காட்சி தெரியுமா? காணாமப் போன படகு திரும்பி வருது. மூடுபனியில முதல்ல விளக்கு மட்டும் தெரியுது. ஊரே கரையில நின்னு கையாட்டுது. அப்பா கடைசியா பாத்தது அதும்மா."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமப் போயிட்டாருன்னு எனக்கு ராப்பகலா அதே நினைப்பு. இதைப் பாத்ததும்தான் கொஞ்சம் அடங்குச்சு. கஷ்டப்படாம, நல்லதைப் பாத்துக்கிட்டே கண்ணை மூடியிருக்கார்னு. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். பத்தாவது பகுதியை நான் பாக்கல. ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம், சரியா?"

"வா" என்றாள். போனை வைத்த பிறகு யோசித்தாள். கோடு இப்போது ஒன்பதாவது பகுதியில் இருக்கிறது. முப்பத்தெட்டும் இரண்டும் அழிந்துவிட்டது. இனி எந்த எந்திரமும் அவளைக் காட்டிக்கொடுக்காது. அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் மகளிடம் அந்தப் படகு என்றைக்கும் இருக்கும். திறந்தால் படகு போய்விடும், அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்காரும். அது எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதோடுதான் ஆறு மாதமாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். அந்த முடிவு சனிக்கிழமை காலை பதினொரு மணி வரை தாங்கியது.

ரிட்டயரான வங்கிக்காரர் ஒருவர் முந்தினநாள் வாங்கிப்போன கண்ணாடியோடு கடைக்குள் வந்தார். கவுண்ட்டரைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இதைப் போட்டா சுத்துதும்மா."

அடுத்து என்ன நடந்தது என்று முதலாளிக்குக் கடைசி வரை புரியவில்லை. டிகிரி அக்கா கவுண்ட்டரைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, பக்கவாதமா என்று ஆஸ்பத்திரியில் பார்ப்பது போலப் பார்த்தாள். "கையைத் தூக்குங்க. ரெண்டு கையையும். சிரிங்க. என்னைப் பாத்துச் சிரிங்க!" என்று கத்தினாள்.

வங்கிக்காரர் பயந்துபோய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரித்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. கண்ணாடியைக் கழட்டினா சரியாயிடுது."

"ஏம்மா, அவரு கண்ணாடி மாத்த வந்தாரா, போட்டோ எடுக்க வந்தாரா?" என்றார் முதலாளி.

அவள் கண்ணாடியை வாங்கிக் கருவியில் வைத்தாள். வலது லென்ஸில் அச்சு தொண்ணூறில் நிற்க வேண்டும். எண்பதில் நின்றது. பத்து டிகிரி. பத்தொன்பது வருடத்தில் அவள் கையால் நடந்த முதல் தவறு. தேதியைப் பார்த்தாள். மகளோடு பேசிய மறுநாள் போட்டது.

"தப்பு என்னுதுதான் சார்" என்றாள் அவரிடம். "நீங்க சொல்லப் போய்த் தெரிஞ்சுது. சாயங்காலத்துக்குள்ள மாத்தித் தர்றேன்."

சொன்னதும் அவர், "அதுக்கென்னம்மா, மனுஷங்கதானே" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கத் தொடங்கினார். தப்பு என்னுது என்று சொல்ல இத்தனை கொஞ்ச நேரம்தான் ஆகிறது. அவள் லென்ஸைக் கழற்றத் தொடங்கினாள்.

*

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தைத் தொடவிடாமல் அவளை இழுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அப்பாவின் நாற்காலியில் இருவரும் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தார்கள்.

"முதல்ல அந்தக் காட்சியைக் காட்றேன். நீ பாக்கவே இல்லல்ல?"

ஏழாவது பகுதியைத் திறந்து முப்பத்தெட்டாவது நிமிடத்துக்குத் தள்ளினாள். பனி. விளக்கு. கரையில் கையாட்டும் கூட்டம். மகள் நிறுத்தினாள். திரையில் எல்லாக் கைகளும் தூக்கியபடி நின்றன.

"இங்கதான்மா."

"அப்பா இதைப் பாக்கலடி."

"என்ன?"

"இந்தப் படகை அவர் பாக்கல. இது தானா ஓடிட்டிருந்துச்சு. நான் சமையல் ரூம்ல இருந்தேன்."

மகள் ரிமோட்டைக் கீழே வைத்தாள். அவள் சொன்னாள். சோப்பு, லைன்மேன், பிளக், முப்பது, டீ. ஒயர் மாற்றிய எட்டாம் தேதி. பதினாலாவது நிமிடம் வரை தொடர் பேசிக்கொண்டிருந்தது. எதையும் விடாமல், கடையில் வேலையை ஒப்படைப்பது போல வரிசையாகச் சொன்னாள்.

"ஒரு வார்த்தையும் சொல்லலைன்னு சொன்னியே" என்றாள் மகள்.

"சொன்னார். ரெண்டு தரம்."

மகள் முகம் மாறியது. மகளாகக் கேட்க முடியாததை ஆஸ்பத்திரிக் குரலில் கேட்டாள். "ரெண்டாவது தரம் சொல்றப்போ குரல் குழறுச்சா?"

"இழுத்துச் சொன்னார். கொஞ்சறாருன்னு நினைச்சேன்."

"எப்படி இழுத்தார்? அப்படியே சொல்லிக் காட்டு."

அவள் சொல்லிக் காட்டினாள். ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்ததால் தடுமாறாமல் வந்தது. அவர் குரலேதான். மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம்?"

"இருபத்தேழு நிமிஷம். எட்டு செகண்ட் குறையும்."

"கணக்கெல்லாம் போட்டு வச்சிருக்கே."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "உடனே கொண்டு போயிருந்தா?"

"தெரியாதும்மா. அவருக்கு மூளைக்குள்ள பெரிய ரத்தக்கசிவு. பொழைச்சிருப்பார்னு சொல்லமாட்டேன். பொழைச்சிருக்க மாட்டார்னும் சொல்லமாட்டேன். உன் மனசுக்காக ஒண்ணு சொல்லணும்னா நீ வேற யாரையாவது கேளு."

மகள் ரிமோட்டை எடுத்து, படத்தைப் பின்னால் தள்ளினாள். பதினாலாவது நிமிடத்தில் நிறுத்தினாள். போலீஸ்காரி காரின் முன் கண்ணாடியை ஒரு பழைய துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். பின்னால் ஒரு சுவர், ஒரு குப்பைத்தொட்டி.

"இதுவா?" என்றாள் மகள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. டிவியை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் பையில் துணியை அடுக்கத் தொடங்கினாள். மறுநாள் காலைதான் கிளம்புவதாக இருந்தாள். நாலு மணி பஸ்ஸுக்கே கிளம்பினாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது தலை நிமிராமல் சொன்னாள்: "எனக்கு உன் மேல கோவமா இருக்கு. எத்தனை நாளைக்கு இருக்கும்னு தெரியல. போன் எடுக்கலன்னா எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயப்படாத. கோவமா இருக்கேன்னு நினைச்சுக்க."

"சரிம்மா."

மூன்று மாடியும் இறங்குகிற காலடிச் சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். எந்த இடத்திலும் அது நிற்கவில்லை.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன். போன் வரவில்லை. அவளும் செய்யவில்லை. மத்தியானம் வீட்டுக்குப் போனாள், குழாயைத் திருகினாள், குரல் வந்தது. சொல்லிவிட்டால் அது நின்றுவிடும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாளா? எதிர்பார்த்துத்தான் இருந்தாள். நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் பூட்டைத் திறக்கும்போதே போன் அடித்தது.

"அம்மா."

"சொல்லும்மா."

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஏதோ தள்ளுவண்டி உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஒரு பாட்டியை நடக்க வச்சிட்டிருந்தேன். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஒரு அடியா. பக்கத்து ரூம்ல யாருமே இல்லம்மா. இப்பதான் போய்ப் பாத்துட்டு வந்தேன். பூட்டியிருக்கு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. எதற்குப் பயந்து ஆறு மாதம் வாயைக் கட்டியிருந்தாளோ, அது ஐந்து மணி நேரப் பஸ் தூரம் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"முதல் தரம் சொன்ன மாதிரியா? ரெண்டாவது தரம் சொன்ன மாதிரியா?" என்று கேட்டாள்.

"ரெண்டாவது." மகள் குரல் உடைந்தது. "உனக்கு தினமும் இப்படித்தானா?"

"ம்."

"ஏம்மா சொல்லல? இந்த ஆறு மாசமா தனியா அந்த வீட்ல…" மேலே வரவில்லை. கோபம் அந்தக் குரலில் இன்னும் இருந்தது. ஆனால் அது இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது போலிருந்தது.

அவள் செருப்போடு உள்ளே வந்தாள். சமையலறைக்குப் போகவில்லை. முன்னறையில் அந்த நாற்காலிக்கு எதிரே, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"போனை வச்சிடாத" என்றாள்.

"வைக்கல. பாட்டியை உக்கார வச்சிருக்கேன். அவங்க என்னையே பாத்துட்டிருக்காங்க."

"அவங்களுக்குத் தண்ணி குடுடி."

"குடுக்கறேன். நீ லைன்லயே இரு."

மகள் நடந்து போவதும், எங்கோ தண்ணீர் ஊற்றுவதும், யாரோ ஒரு வயதான குரல் நன்றி சொல்வதும் காதில் விழுந்தன. பிறகு மகளின் மூச்சு திரும்பி வந்தது. அவள் போனை இன்னும் அழுத்திக் காதோடு வைத்துக்கொண்டாள்.